இந்த டியூப் இன்றைக்கும் வேண்டுமா?



வேர்க்குருவைப் பற்றி இந்த இதழில் எழுதுவதாகச் சென்ற முறை சொல்லியிருந்தேன். வேர்க்குரு கொஞ்சம் காத்திருக்கட்டும். அதைவிட அவசரமான சங்கதி ஒன்று வந்துவிட்டது.

பதினைந்து நாளைக்கு முன் ஓர் இரவு. மணி பத்திருக்கும். அடுப்படியை ஒழித்துப் போட்டுவிட்டுப் படுக்கப் போகிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண். தலை கலைந்து, முகம் வெளுத்து நின்றாள்.

“நர்ஸக்கா, கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா? அவருக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. கையும் காலும் வெடவெடன்னு தூக்கிப் போடுது.”

அவள் கணவர் விஷயம் தெருவுக்கே தெரியும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு, மூளைக்கு மேலே ரத்தம் கட்டி, தலையில் பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைப்பாரா மாட்டாரா என்று பத்து நாள் எல்லோரும் தவித்தோம். பிழைத்தார். கண் விழித்தார். பெண்டாட்டி பிள்ளைகளை அடையாளம் கண்டு பேசினார். கையைப் பிடித்துக் கொண்டால் நாலு எட்டு நடக்கவும் நடந்தார். வீட்டுக்கு வந்து அன்றோடு ஐந்து நாள்.

‘தூக்கிப் போடுது’ என்றதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு வருவது உண்டல்லவா? ஓட்டமாகப் போனேன். நல்லவேளை, வலிப்பு இல்லை. நினைவு இருந்தது. ஆனால் பல் கிட்டிக்கொள்கிற குளிர் நடுக்கம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 103.

தலைக்கட்டைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மூச்சைப் பார்த்தேன், சளி இல்லை. அப்புறம் கண் தானாகக் கட்டிலுக்குக் கீழே போயிற்று. யூரின் பையைக் காணோம்.

“டியூப் எடுத்தாச்சாம்மா?”

“இல்லக்கா, இருக்கு. இதோ.”

அவள் காட்டிய இடத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பை கட்டிலின் மேல், தலையணைக்குப் பக்கத்தில், சுவரோரமாக இருந்தது. அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள்.

“பார்க்க வர்றவங்க கண்ணில படக் கூடாதுன்னு அத்தைதான் அப்படி வைக்கச் சொன்னாங்க” என்றாள்.

மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பாவம், அந்த அம்மாளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வளர்ந்த பிள்ளையின் மூத்திரப் பை நாலு பேர் கண்ணில் பட்டால் எந்தத் தாய்க்கும் கூசத்தானே செய்யும்? பையை எங்கே தொங்கவிட வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மாத்திரை பற்றி இருந்தது, தையல் பிரிக்கும் தேதி இருந்தது. டியூபைப் பற்றி ஒரு வரி இல்லை.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பையைக் கட்டிலுக்குக் கீழே கொக்கியில் மாட்டினேன். டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அதை நீட்டிவிட்டதும் கழனித் தண்ணீர் மாதிரிக் கலங்கலாக இறங்கியது. உடனே 108-க்குப் போன் செய்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

வண்டியில் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “தலை ஆபரேஷனே தாண்டியாச்சேக்கா. இந்தச் சின்ன டியூப்லயா இப்படி ஆகும்?”

ஆகும். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

நான் நர்ஸ் வேலை பார்த்த முப்பது சொச்சம் வருஷத்தில் பதினொரு வருஷம் மூளை, தண்டுவட ஆபரேஷன் வார்டில் கழிந்தது. நம் நாட்டில் அந்தத் துறைக்கு வேர் விட்ட மண்ணே நம் பக்கம்தான். 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் தொடங்கினார். அடுத்த வருஷமே டாக்டர் ராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் தொடங்கினார். அன்றைக்குக் கனவாக இருந்ததெல்லாம் இன்றைக்கு மாவட்டத் தலைநகர்களில்கூட நடக்கிறது. மண்டை ஓட்டைத் திறந்து மயிரிழை ரத்தக் குழாயைக்கூடச் சரி செய்கிறார்கள். அப்படிப் பிழைக்க வைத்த உயிரை ஒரு முழ நீள ரப்பர் குழாய் திரும்பக் கட்டிலில் தள்ளிவிடுவதை என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில், எதற்காக டியூப் போடுகிறார்கள் என்று தெரிந்து கொள்ளுங்கள். டாக்டர்கள் வேண்டாத வேலை செய்வதில்லை. நினைவில்லாமல் கிடப்பவர் சிறுநீர் வருகிறது என்று சொல்ல முடியாது. மூளை வீக்கம் வற்றுவதற்கு மானிட்டால் என்று ஒரு மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். அது சிறுநீரை மளமளவென்று இறக்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஆபரேஷன் ஆனவருக்குச் சில சமயம் லிட்டர் லிட்டராகப் போகும். எவ்வளவு போகிறது என்று மணிக்கு மணி அளந்தால்தான் டாக்டரால் வைத்தியம் பார்க்க முடியும். தண்டுவடத்தில் அடிபட்டவருக்கோ மூத்திரப்பை நிரம்பினதே தெரியாது. இந்த நேரங்களில் டியூப் உயிர் காக்கும் சாதனம். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நம் மூத்திரப்பை தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் பாத்திரம். நிரம்புகிறது, ஒரே வேகத்தில் வெளியே தள்ளுகிறது. நுழையப் பார்க்கும் கிருமியும் அதோடு போய்விடுகிறது. டியூப் போட்டவுடன் இந்தக் கழுவல் நின்று போகிறது. கதவுக்கு நடுவே கட்டையை வைத்தது போல வாசல் திறந்தே கிடக்கிறது. டியூபின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு ஒரு வழியாகவும், பையிலிருந்து குழாயின் உள்ளே இன்னொரு வழியாகவும் கிருமி ஏறுகிறது.

தண்ணீர்த் தொட்டியை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் உள்ளே வழவழவென்று ஒன்று படியுமே, அதே மாதிரி டியூபுக்குள்ளும் ஒரு படலம் படிகிறது. அந்தப் படலத்துக்குள் கிருமிகள் கூடு கட்டிக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த மருந்து கொடுத்தாலும் அந்தக் கூட்டுக்குள் சரியாகப் போய்ச் சேராது.

கணக்கு என்ன தெரியுமா? டியூப் இருக்கிற ஒவ்வொரு நாளும் நூறு பேரில் மூன்றிலிருந்து ஏழு பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் டியூப் இருந்துவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே கிருமி இருக்கும். கிருமி இருப்பதெல்லாம் நோய் ஆகிவிடாது. ஆனால் சிலருக்கு அது சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்தில் கலந்து, ஆளையே சாய்த்துவிடும். நாள் கூடக் கூட அபாயம் கூடுகிறது. ஆகவே டியூபுக்குச் செய்யக் கூடிய வைத்தியங்களில் தலையாயது, வேலை முடிந்த அன்றே அதை எடுத்துவிடுவதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

வார்டுக்கு வந்த புதிதில், சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனார் பையனுக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தது. இருபது வயசு இருக்கும். ஆறாம் நாள் கண் விழித்து அம்மாவிடம் காப்பி கேட்டான். அம்மா அழுதாள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே, “சிஸ்டர், இந்த டியூப் உறுத்துது, எடுத்துடுங்க. பாட்டிலைக் கொடுத்தா நானே போயிடுவேன்” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இருக்கட்டும் தம்பி, ரெண்டு நாள் போகட்டும்.”

டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. ராத்திரி வார்டில் நாற்பது பேருக்கு இரண்டு நர்ஸ். டியூபை எடுத்தால் பாட்டில் கொண்டு போய் வைக்க வேண்டும், நனைந்தால் விரிப்பு மாற்ற வேண்டும். டியூப் இருந்தால் எனக்குச் சௌகரியம். ரவுண்ட்ஸ் வந்தவர்கள் எல்லோரும் அவன் தலையைப் பார்த்தார்கள், கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். போர்வைக்குக் கீழே இருந்த டியூப் யார் நினைவிலும் இல்லை. ரெண்டு நாள் பத்து நாளாயிற்று.

பதினோராம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. திரும்பவும் தீவிர சிகிச்சை அறை, திரும்பவும் டிரிப்ஸ். அந்தத் தாயின் காதில் இருந்த தோடு ஒரு நாள் காணாமல் போயிற்று. கேட்டதற்கு, “கழட்டி வச்சிருக்கேன் தாயி” என்றாள். எங்கே வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? பையன் பிழைத்து, மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனான். போகும்போது அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீ நல்லா இருக்கணும் தாயி” என்றாள். அந்த ஆசீர்வாதம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் டியூட்டிக்கு வந்ததும், டியூப் இருக்கிற ஒவ்வொரு கட்டிலிலும் டாக்டரைக் கேட்பேன்: “இந்த டியூப் இன்றைக்கும் வேண்டுமா, டாக்டர்?” சிலர் முறைத்தார்கள். பலர், “அட, ஆமாம், எடுத்துடுங்க” என்றார்கள். இப்போது பல ஆஸ்பத்திரிகளில் இந்தக் கேள்வியையே விதியாக்கி, தினமும் சீட்டில் குறித்து வைக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது சந்தோஷமாக இருக்கிறது.

நோயாளியின் பக்கத்தில் இருக்கும் பெண்ணும் இதைக் கேட்கலாம். கேட்க வேண்டும். “டாக்டர் கோவிச்சுக்குவாரோ?” என்று தயங்காதீர்கள். அதட்டிக் கேட்க வேண்டாம். “டாக்டர், இவருக்கு இந்த யூரின் டியூப் இன்னும் எத்தனை நாளைக்குங்க தேவைப்படும்?” என்று பணிவாகக் கேளுங்கள். வேண்டியிருந்தால் காரணம் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கே வெளியே வந்துவிடும். ஆண்களுக்கு வெளியே மாட்டுகிற உறை மாதிரிக் குழாய் இருக்கிறது. டயப்பர் இருக்கிறது. பாட்டிலும் பெட்பேனும் இருக்கின்றன. இவற்றில் எது ஒத்து வரும் என்றும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. டியூபை நீங்களாக இழுத்துவிடாதீர்கள். ஃபோலி என்கிற அமெரிக்க டாக்டர் 1930-களில் வடிவமைத்த குழாய் இது. உள்ளே ஒரு சின்ன பலூன் நீர் நிரம்பி, நழுவாமல் பிடித்துக் கொண்டிருக்கும். அந்த நீரை ஊசிக் குழாயால் எடுக்காமல் இழுத்தால் உள்ளே கிழிந்து ரத்தம் கொட்டும். தலையில் அடிபட்டவர்கள் பாதி நினைவில் பிடுங்கிவிடப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, சில பேருக்கு டியூப் இருந்தே ஆக வேண்டும். வீட்டுக்கும் டியூபோடு வருவார்கள். அப்போது என்ன செய்வது? இந்தப் பக்கத்தை வெட்டிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டாலும் சரி.

கை: டியூபையோ பையையோ தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். ‘இப்பத்தான் பாத்திரம் தேய்ச்சேன், கை சுத்தமாத்தானே இருக்கு’ என்கிற பேச்சே வேண்டாம்.

பை: எந்நேரமும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மேலே இருந்தால் பையில் கிடந்த பழைய சிறுநீர் கிருமியோடு உள்ளே திரும்பி ஓடும். கட்டிலின் சட்டத்தில் மாட்டுங்கள். அதே சமயம் தரையிலும் படக் கூடாது. ஆட்டோவில் கூட்டிப் போகும்போது மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். கிளம்புமுன் பையைக் காலி செய்துவிட்டு, காலுக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணில் படக் கூடாது என்று கூச்சமாக இருந்தால் ஒரு துணிப் பை தைத்து அதற்குள் போட்டுக் கீழேயே தொங்கவிடுங்கள். எங்கள் தெரு மாமியாருக்கு நானே ஒன்று தைத்துக் கொடுத்தேன்.

குழாய்: மடங்கக் கூடாது, உடம்புக்கு அடியில் மாட்டக் கூடாது. தொடையில் பிளாஸ்திரி போட்டு, கொஞ்சம் தளர்வு விட்டு ஒட்டி வைத்தால் இழுபடாது. புரட்டிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு தடவையும் குழாயைக் கண்ணால் ஒரு முறை பாருங்கள்.

மூட்டு: டியூபும் பையும் சேருகிற மூட்டைக் கழற்றவே கூடாது. முன் காலத்தில் கட்டிலுக்கு அடியில் திறந்த பாட்டிலை வைத்து அதில் டியூபை விட்டிருப்பார்கள். நாலைந்து நாளில் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி தொற்றிவிடும். டியூபையும் பையையும் ஒன்றாக மூடிய அமைப்பாக வைத்தால் இது எவ்வளவோ குறைகிறது என்று கூனின் என்கிற டாக்டரும் அவருடைய சகாவும் 1966-ல் எடுத்துக் காட்டினார்கள். குளிப்பாட்டுவதற்காகவோ சட்டை மாற்றுவதற்காகவோ மூட்டைக் கழற்றினால் பழைய பாட்டில் காலத்துக்கே போய்விடுகிறோம். தானாகக் கழன்றாலோ கசிந்தாலோ நர்ஸைக் கூப்பிட்டுப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள்.

காலி செய்வது: பை முக்கால் நிரம்புவதற்குள் கீழே உள்ள திறப்பு வழியாகக் காலி செய்யுங்கள். அதற்கென்று தனியாக ஒரு பாத்திரம் இருக்கட்டும். குளியலறை மக்கை எடுக்காதீர்கள். பையின் மூக்கு பாத்திரத்தில் படக் கூடாது. முடிந்ததும் மூக்கை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மூடுங்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் பாத்திரத்தை இரவல் வாங்காதீர்கள்.

சுத்தம்: தினமும் குளிப்பாட்டும்போது சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். மலம் கழித்த பிறகும் கழுவுங்கள். பெண்ணானால் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். கிருமிநாசினியை ஊற்றித் தேய்ப்பது, பவுடர் கொட்டுவது, மஞ்சள் குழைத்துப் போடுவது, ஒன்றும் வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்குமே தவிரத் தொற்றைத் தடுப்பதில்லை.

தண்ணீர்: டாக்டர் அளவு போட்டிருந்தால் அந்த அளவு. தலை ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கும், அதனால் தண்ணீரைக் கட்டுப்படுத்துவார்கள். அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

மருந்து: ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது தொற்றைத் தடுக்காது. மருந்துக்கு அசையாத கிருமியை வளர்த்துவிடும். சிறுநீர் வாடை அடிக்கிறது, கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும், வேறு தொந்தரவு இல்லாதவருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது.

எப்போது ஓட வேண்டும்? காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால், குளிர் நடுக்கம் வந்தால், அடிவயிற்றிலோ விலாவுக்குப் பின்னாலோ வலித்தால், ரத்தம் வந்தால், மூன்று நான்கு மணி நேரமாகப் பையில் ஒன்றுமே இறங்காமல் வயிறு கல்லாக இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற நோயாளி, ‘எரியுது, வலிக்குது’ என்று வாய்விட்டுச் சொல்வார். மூளை ஆபரேஷன் ஆனவர் சொல்ல முடியாமல் போகலாம். நேற்று வரை பேசியவர் இன்று மந்தமாகக் கிடக்கிறார், உளறுகிறார் என்றால் அது தலையினாலும் இருக்கலாம், இந்தத் தொற்றினாலும் இருக்கலாம். எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். இரண்டுமே அவசரம்தான்.

தண்டுவடத்தில், மார்பின் நடு மட்டத்துக்கு மேலே அடிபட்டவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்களுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் எகிறுதல் என்று வந்தால் உடனே தூக்கி உட்கார வைத்துக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்ட டியூபே இதைச் செய்துவிடும். நீட்டிவிட்டும் குறையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். நிமிஷக் கணக்கு.

இவர்களுக்கு நிரந்தரமாக டியூப் வைப்பதற்குப் பதில், சில மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாயை விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே வெளியே எடுத்துவிடும் முறை இருக்கிறது. வீட்டிலேயே, சுத்தமாகக் கழுவிய கையால் செய்யலாம் என்று அமெரிக்காவில் லாபிடஸ் என்கிற டாக்டர் 1972-ல் எழுதிய பிறகு உலகம் முழுவதும் பரவியது. உங்கள் வீட்டு நோயாளிக்கு ஒத்து வருமா என்று டாக்டரைக் கேட்டு, நர்ஸிடம் பழகிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சிலருக்குத் தலையிலிருந்தே ஒரு குழாய் வந்து, கட்டிலோரம் கம்பத்தில் ஒரு குப்பியில் சேருவதைப் பார்த்திருப்பீர்கள். மூளைக்குள் தேங்கும் நீரை வடிக்கும் குழாய் அது. அதிலும் கிருமி ஏறினால் மூளையின் உள்ளறைகளுக்கே போய்விடும். அதற்கு நம் வீட்டு விதிகள் பொருந்தாது. அந்தக் குப்பியை ஓர் உயரத்தில் அளந்து வைத்திருப்பார்கள். ஆகவே அதைத் தொடாதீர்கள். நர்ஸிடம் சொல்லாமல் கட்டிலை ஏற்றி இறக்காதீர்கள், தலையணையைக்கூட மாற்றாதீர்கள். கட்டு நனைந்திருந்தால் உடனே சொல்லுங்கள். ‘இன்னும் எத்தனை நாள்?’ என்ற கேள்வி மட்டும் இங்கேயும் அதேதான்.

எங்கள் தெருக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று ராத்திரியே பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதிது போட்டு, அதன் வழியாக வந்த சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, நரம்பு ஊசியில் மருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் காலை, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் அவளே கேட்டிருக்கிறாள். என்னிடம் அதை நடித்தே காட்டினாள்:

“எழுந்து நின்னு கையைக் கட்டிக்கிட்டு, ‘டாக்டர், இந்த டியூப் இன்னைக்கும் வேணுமாங்க’ன்னு கேட்டேன்க்கா. அவரு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாரு. எனக்குக் காலே நடுங்கிப் போச்சு. அப்புறம் சீட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, ‘வேண்டியதில்லைம்மா, எடுத்துடலாம்’னுட்டாரு.”

டியூபை எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை என்றால் சொல்லச் சொன்னார்களாம். மூன்று மணி நேரத்திலேயே அவராகப் போய்விட்டார். மாமியார் அந்தச் சேதியைத் தெருவில் கல்யாணச் சேதி மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தார்! பத்து நாளைக்கு முன் பையை வேட்டியால் மூடி வைத்த அம்மாள்தான்.

நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொக்கியில் நான் தைத்த துணிப் பை சும்மா தொங்கிற்று. “இதை என்னக்கா செய்யறது?” என்றாள். துவைத்து வைக்கச் சொன்னேன். யாருக்காவது உதவும்.

உங்களில் யாராவது இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால், பத்திரிகையை மடித்து வையுங்கள். குனிந்து பையைப் பாருங்கள். நாளைக் காலையில் டாக்டர் வரும்போது அந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

அடுத்த இதழில் கட்டாயம் வேர்க்குரு!